மூன்றாவது வாளி

இன்கிசி ஆற்றில் இந்த வளைவில்
இரண்டு கெண்டைகள் உண்டு என்கிறது படிவம்.
ஒன்றின் வாய் உளி.
கீழ்த்தாடை விளிம்பு நகம்போல் கெட்டித்து
பாறையில் படர்ந்த பாசியைச் சீவும்.
மற்றதற்கு உதடு தடித்துத் தொங்கும்;
கூழாங்கல் இடுக்கில் முகம் புதைத்துப் புழுவை உறிஞ்சும்.
இரண்டு கட்டம். இரண்டு வாளி.
என் வேலை வாயை அளப்பது.

விடிந்ததும் ம்பான்சு வலையை உதறினான்.
முதல் மீன் உளி.
அடுத்தது உதடு.
மூன்றாவதை உள்ளங்கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்:
சீவும் விளிம்பு இருக்கிறது, பாதியில் நின்றுவிட்டது.
மீதியில் மெத்தென்று சதை,
ஒருவர் எழுதத் தொடங்கிய சொல்லை
வேறொருவர் வந்து முடித்தது மாதிரி.
வெர்னியர் பதினொன்றரை மில்லிமீட்டர் என்றது.
வேறொன்றும் சொல்லவில்லை.

கின்ஷாசாவிலிருந்து பேராசிரியரின் குரல்
விட்டுவிட்டு வந்தது:
"கலப்பாக இருக்கலாம். தனியே வை."
தனியே வைக்க ஏதுமில்லை.
மயோனைஸ் வந்த பழைய வாளியொன்றை
மணலிட்டுத் தேய்த்துக் கழுவினோம்.

உச்சிவெயிலுக்குள்
உளி வாளியில் நான்கு,
உதட்டு வாளியில் ஆறு,
மயோனைஸ் வாளியில் பத்தொன்பது.
பெயருள்ளவை தாராளமாய் மிதக்க
பெயரில்லாதவை ஒன்றையொன்று நெருக்கின.
"இதற்கெல்லாம் உங்கள் ஊரில் என்ன பெயர்?"
"மீன்" என்றான் ம்பான்சு.

கிசந்துச் சந்தையில் மயமோனா
வயிற்றை விரலால் அழுத்திக் கொழுப்பைத்தான் பார்க்கிறாள்.
நான் வெர்னியரை எடுத்ததும் சிரித்துவிட்டாள்:
"வாங்கத் துப்பில்லாதவன்
பல்லைப் பிடித்துப் பார்க்கிறான்."
"இதற்கு வாயில் பல் இல்லை. தொண்டையில் இருக்கிறது."
"பார்த்தாயா, அதுவே உன்னிடம் மறைத்து வைத்திருக்கிறது."
பிறகு, மிச்சக் காசை எண்ணியபடி,
"உன் கிகோங்கோவிலும் பாதி கின்ஷாசா கலந்திருக்கிறது.
நான் உன்னை எந்த வாளியில் போட?"

மழை பிடித்ததும் ஓடைவாய்ச் சரளையில்
எல்லாம் ஒன்றாகத்தான் ஏறுமாம்.
செம்மண் கலங்கிய நீரில்
முட்டை சிதறும், விந்து படரும்.
வாய்க்கு வேலையில்லாத இரவு.
ம்பான்சு கண்டிருக்கிறான். சொல்லும்போது
பக்கத்து வீட்டுச் சங்கதிபோல் குரலைத் தாழ்த்தினான்.

பிறந்தவற்றில் ஒன்றுக்குப் பாறை வாய்க்கிறது.
ஒன்றுக்குச் சேறு.
ஒன்றுக்கு இரண்டும்,
ஒன்றுக்கு இரண்டிலும் அரைவயிறு.
வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்கிறார்கள்.
எந்த வாய் என்று
சொன்னவர் யாருமில்லை.

மாலையில் ஃபார்மலின் தீர்ந்தது.
இருபதாவது இன்னும் படகின் அடித்தண்ணீரில் வாலடித்தது.
அளந்தேன். படமெடுத்தேன்.
துடுப்பில் நெல்லளவு வெட்டிக் குப்பியில் அடைத்தேன்.
மிச்சத்தை ம்பான்சு வாங்கிக்கொண்டான்.
உப்பும் மிளகாயும் தடவி
இலையில் சுருட்டித் தணலில் புதைத்தான்.

நல்ல மீன். வாளியில் கிடப்பவற்றை நினைத்துக்கொண்டே தின்றேன்,
அது ருசியைக் குறைக்கவில்லை.
உதடு யாருக்கு என்று சண்டை.
லுசோலோதான் ஜெயித்தாள், ஏழு வயது, முன்பல் இரண்டு விழுந்தவள்.
பிசுபிசுத்த விரலை நக்கி,
நாக்கால் எதையோ துழாவி,
"மெத்தென்றுதான் இருக்கிறது.
ஓரத்தில் மட்டும் கீறுகிறது" என்றாள்.

விளக்கில் பூச்சிகள் மோதுகின்றன.
தேதி எழுதினேன். ஆறு, ஆழம், வலைக்கண்ணின் அளவு.
இனத்தின் பெயர் என்ற கட்டத்தில்
பேனா மை ஒரு புள்ளியாய் ஊறி நின்றது.
அதைத் தாண்டி, கடைசியில்,
குறிப்பு ஏதேனும் இருந்தால் என்ற இடத்தில்
சிறிய எழுத்தில் எழுதி வைத்தேன்:
ஓரத்தில் கீறுகிறது.