பதிப்பு வரலாறு

காசு கேட்காத எதற்கும்
ஒரு கணக்கு உண்டு.
இந்தச் செயலி நாற்பதாவது நிமிடம்
வாக்கியத்தின் நடுவில் என்னை வெட்டும்.
பாலிமர் என்று தொடங்கி
‘பா’வில் நான் நின்றுபோன அன்று
வகுப்புக் குழுவில் ராத்திரி வரை
‘பா’ ‘பா’ என்று போட்டுச் சிரித்தார்கள்.

மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்கும்
கௌரவ விரிவுரையாளருக்கு
வெட்டு ஒன்றும் புதிதல்ல.

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் தோள் உயரத்தில்
என் மாடி அறை.
திருவனந்தபுரம் பஸ் ஹாரன் அடித்தால்
மைக்கை அணைப்பேன்.
ரெக்கார்டு நோட்டுகள் இரண்டு அடுக்கு,
குறுக்கே ஓர் அடி ஸ்கேல்,
அதன்மேல் குப்புறப் படுத்த போன்:
கரும்பலகை ஆயிற்று.
முதல் வாரம் முழுக்க
என் கை தலைகீழாகத் தெரிந்ததாம்.
ஒருத்தரும் சொல்லவில்லை.
இருபத்தெட்டுப் பேரும்
போனைத் திருப்பிப் பிடித்துப்
படித்திருக்கிறார்கள்.

வினாடி வினா இலவசத்தில்
பத்துப் பேரைத்தான் உள்ளே விடும்.
மூன்று அணி ஆக்கினேன்.
இனயத்து டெனிசா மைக்கைத் திறந்தால்
அலைதான் முதலில் ஆஜர் சொல்லும்.
நெட் கிடைக்காத மலையோரத்துப் பிள்ளைகளுக்காக
பாடத்தைச் சுருக்கிச் சுருக்கி
ஆறு எம்பிக்குள் அடைத்தேன்.
முகம் கரைந்துபோனது,
சமன்பாடு மிஞ்சியது.
அது போதும்.

பிறகு அந்தப் பொது ஏடு,
எல்லோரும் ஒரே தாளில் எழுதுவது.
‘கூழ்மம் திரிதல்:
சொந்த வார்த்தையில் ஓர் உதாரணம்’ என்றேன்.
வந்து விழுந்தன
இருபத்துநான்கு தயிர்.
எல்லாத் தயிரிலும் அதே பிழை:
திரிதல் அல்ல, ‘திரிதால்’.

முதல் திருடனைப் பிடிக்கத்தான்
அந்தக் கடிகாரப் படத்தைத் தொட்டேன்.
யார், எப்போது, எதை எழுதி
எதை அழித்தார்கள் என்று
அது சொல்லும். இதற்கும் காசில்லை.

கடையாலுமூடு ஜெப்ரின்.
அதிகாலை ஐந்து பத்து.
‘எங்க வீட்டில ரப்பர் பாலில
ஆசிட் விட்டு டிஷ்ஷில வைப்போம்.
பாலுக்குள்ள இருக்குற துகளெல்லாம்
ஒண்ண ஒண்ணு தள்ளிட்டுதான் நிக்கும்.
ஆசிட் போய் அந்தச் சண்டைய நிறுத்தும்.
பிறகு உறையும். இதுதானே டீச்சர்?’

ஐந்து பதினான்குக்கு அழித்திருக்கிறான்.
இடையில் ஒன்றரை மணி நேரம்
எதுவும் இல்லை.
மரம் மரமாகப் போயிருப்பான்,
நெற்றியில் விளக்கோடு.
ஆறு நாற்பதுக்கு மறுபடி
அதே வரிகள், ‘சண்டைய’ மட்டும் இல்லாமல்.
அழித்தான்.
ஆறு ஐம்பத்தொன்றுக்கு ‘ரப்பர்’ என்று
ஒரு சொல்.
அதையும்.
ஏழு இரண்டுக்குத் தயிர்.
திரிதால்.

இந்தப் பதிப்பை மீட்டெடுக்கவா
என்று ஒரு பொத்தான் கேட்டது.
தொட்டால் போதும்,
அவன் வரி எல்லோர் முன்னும் எழுந்து நிற்கும்.
அழித்தது அவன்.
ஒட்டுக்கேட்டது நான்.
மூடிவிட்டேன்.

மறுநாள் கேட்டேன்:
‘யார் வீட்டுக் கொடியில
இப்போ ரப்பர் ஷீட் காயுது?’
கறுப்புக் கட்டங்கள்.
ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்,
பெயருக்குப் பின்னால் மழை.
முப்பத்தேழாம் நிமிடம்.
திருவிதாங்கோட்டு சபீனா
நெட் போய் நெட் வந்தாள்.
முப்பத்தெட்டு.
ஒரு மைக் திறந்தது.
கடகடவென்று உருளை சுற்றும் சத்தம்.

‘டீச்சர், எங்க வீட்டில.’

கேமராவையும் திறந்தான்.
உருளைக்கு இந்தப் பக்கம்
வெள்ளையாக, ஈரமாக, கோடு கோடாக
இறங்கிக்கொண்டிருந்தது என் பாடம்.

‘அளவு பாத்துதான் ஊத்தணும் டீச்சர்.
ஆசிட் கூடிப்போனா
ஷீட்டு…’

நாற்பது.

குழுவைத் திறந்தேன்.
யாரும் ‘பா’ போடவில்லை.
டெனிசா கேட்டிருந்தாள்: கூடிப்போனா?
சபீனா: கூடிப்போனா என்ன ஆவும்?
கீழே இன்னும் ஒன்பது பேர்.

எனக்கும் தெரியாது.
அவசரமாக
அடுத்த நாற்பதுக்கு
லிங்க் போட்டேன்.