வாசனை என்று மட்டும்

விசுவமடுச் சந்தியில் என் கடை.
பத்துக்குப் பன்னிரண்டு, தகரக் கூரை.
பகல் இரண்டு மணிக்குப் போத்தல்கள் எல்லாம்
காய்ச்சல்காரப் பிள்ளைகள் மாதிரிச் சுடும்.

கிளிநொச்சி ஆசுபத்திரியில்
டொக்டர் பெட்டை கேட்டாள்: என்ன வேலை அக்கா?
தலைமுடி நேராக்குவன். முகம் வெளுப்பிப்பன்.
பொம்பிளையளுக்குக் கலியாண நாள் பார்த்து
பேஷியல் கணக்கு வைப்பன்.
உங்கட கணக்கு?
மூன்று மாதம் வராது. வந்தால்
பதினைந்து நாள் நிற்காது.

ஸ்கானில் இடுப்போரம் ஒரு வெள்ளைப் பொட்டு.
இது?
அது செல் துண்டு, மாத்தளனில் பட்டது.
அதை விடுங்கோ, அது பழகிவிட்டது.
இரண்டு பேரும் சிரித்தோம்,
கொஞ்சம் கூடுதலாக.

கருப்பைக்குள் கட்டி மூன்று.
இதாலேயோ என்று என் கையை அவள் மூக்கடியில் நீட்டினேன்.
அப்பிடிச் சொல்லேலாது என்றாள்.
துண்டு எழுதி முடித்தபிறகு,
இல்லையெண்டும் சொல்லேலாது.

ஷட்டரை இறக்கிவிட்டு
போன் வெளிச்சத்தில் வாசித்தேன்.
எள்ளுருண்டையில் எள்ளைவிடச் சின்ன எழுத்து.
தண்ணீர். கிளிசரீன்.
பரபென் நாலு பேர், அக்கா தங்கச்சி மாதிரி
முன்பெயர் மட்டும் வேறு.

ஓமோன் என்றால் இரத்தத்தில் போகும் தூது
என்று பங்கருக்குள் படித்தது நினைவு.
தூதுவனின் உடுப்பை உடுத்திக்கொண்டு
வேறு யாரும் வந்தால்
கதவு திறக்குமா என்று
ரீச்சரிடம் கேட்க நேரம் இருக்கவில்லை.

கடைசி வரியில் ஒரு சொல்: வாசனை.
அதற்குள் எத்தனை பேர், யார் யார்,
எழுதவில்லை. எழுதத் தேவையில்லையாம்.
எங்களுக்குப் புதிதா,
ஒரு சொல்லுக்குள் ஆட்களைப் போட்டு மூடுகிற பட்டியல்?

செவ்வாய்க்கிழமை லோன்காரன் வருவான்.
ஜன்னலைத் திறந்தேன். புழுதி வந்தது.
கையுறை போட்டேன், வியர்த்தது.
முடி நேராக்கும் போத்தலை மட்டும்
அலுமாரிக்கு மேலே வைத்தேன், எறியவில்லை.
ஏழாயிரம் ரூபாய்.

காலமை தர்மிகா வந்தாள், பத்தொன்பது வயது.
தையல் பக்டரியில் ஒருத்தி விற்ற டியூப் கையில்;
அதில் எழுத்தே இல்லை, ஒரு பூ மட்டும்.
இதைப் பூசிவிடுங்கோ அக்கா, பொம்பிளை பார்க்க வருகினம்.

மூடியைத் திறந்தேன். நல்ல மணம்,
அதுதான் கரைச்சல்.
கையுறையோடு அவள் நாடியை நிமிர்த்தி,
உனக்கு ஒழுங்கா வருதோ என்று கேட்டேன்.

எது அக்கா,
பஸ்ஸோ?