சைந்தவன் தரு

அந்த வருஷம் ஜம்புலிங்கத்துக்கு லீவு இல்லை.
வைகாசியில் கொடியேறிவிட்டது,
கீழரசம்பட்டில் பதின்மூன்றாம் ராத்திரி
அபிமன்னன் சண்டை.
எல்லா வேஷமும் இருக்கிறது,
சைந்தவன் மட்டும் கார்கிலில்.

லெட்டர் வந்தது.
பெண்டாட்டிக்கு நாலு வரி:
பணம், சினைமாடு, பெரியவளுக்குக் காதுகுத்து.
மிச்ச இடமெல்லாம், ஒட்டுகிற ஓரம் வரைக்கும்,
கூத்துக்குப் பாட்டு.
பழைய பாட்டில் சைந்தவன் வெறும் சவடால்காரன்,
மாற்றிப் பாடுங்கள் என்று எழுதியிருந்தான்.
வாசலில் நிற்கிறவனுக்குக் குளிரும் என்று
இதுவரை எவன் பாடினான்?

வரமொருநாள் வாங்கிவந்தேன் வாசல் நின்றேன்
■■■■■■ மலைமேலே காற்றும் நிற்கும்
கரம்மரத்துப் போனபின்னும் கதையைத் தாழ்த்தேன்
■■■■ பேர் வந்தாலும் வழியே இல்லை
சிரமெடுக்கும் அம்புக்கு நாளைத் தேதி
இரவிதுதான் என்னுடைய தென்றே நிற்பேன்

கறுப்பு, பட்டாளத்து ஆபீசர் அடித்தது.
மலையின் பேர் இருந்திருக்கும்,
எத்தனை பேர் என்று இருந்திருக்கும்.
தமிழ் தெரிந்த ஆபீசர் போல,
சீர் கெடாமல் அடித்திருந்தார்.

வாத்தியார் பொன்னுரங்கம் புகையிலையைத் துப்பிவிட்டு வந்தார்.
"சண்ட நடக்கசொல்ல சைந்தவனுக்கு இன்னாத்துக்குடா பரிதாபம்?
புள்ளையக் கொல்ல வழிமறிச்சவன் அவன்."
சுலோச்சனா லெட்டரைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.
"வழிமறிக்கிறவருதான் எழுதிக்கீறாரு.
பாடறதுன்னா பாடுங்க."

பின்பாட்டுக்காரன் கேட்டான்,
இந்தப் பள்ளத்தையெல்லாம் எப்படிப் பாடறது?
எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.
நான் முகவீணை.

விடிய ரெண்டு மணிக்குத் திரை பிடித்தார்கள்.
பச்சையப்பன் ஜம்புவின் கிரீடத்தில்,
அளவு பெரிது, உள்ளே துண்டு வைத்துக் கட்டியிருந்தான்.
பாட்டு வந்தது, கறுப்பு வந்தது,
நான் ஊதினேன். மத்தளம் பொறுத்துக்கொண்டது.
முன்னால் உட்கார்ந்திருந்த பழைய சுபேதார்
அந்த இடத்தில் மட்டும் உதட்டை அசைத்தார்,
ஏதோ பேர்.

அடுத்த லெட்டரில்
குண்டுப்பெட்டிப் பலகையில் புஜக்கட்டை செதுக்கியதாக எழுதினான்.
கண்ணாடித்துண்டு இல்லை, சாக்லேட்டுத்தாள் ஒட்டியிருக்கிறான்.
கன்னடக்காரன் ஒருவன் மண்ணெண்ணெய் டின்னில் தாளம் போடுகிறான்,
ஆதி வருகிறது, அடந்தை அவனுக்கு வரவில்லை.
மேலே ஷெல் விழும்போது
கன்னடக்காரன் சரியான இடத்தில் நிறுத்திவிடுகிறானாம்.

மூன்றாவது லெட்டர் ஆனியில்.
தலைப்பில் 'தரு, ஆதி தாளம்'.
அடியில் 'இப்படிக்கு ஜம்பு'.
நடுவில் முழுக்கக் கறுப்பு.

வாத்தியார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்,
முதுகுப்பக்கம் தடவிப் பார்த்தார்.
பிறகு என்னிடம் நீட்டினார், ஒன்றும் பேசவில்லை.
அன்றைக்கு அம்மாபாளையத்தில்
பச்சையப்பன் வாய் திறக்காமல் ஆடினான்,
நான் பதினாறு அடி ஊதினேன்.
மூச்சு எங்கே வாங்கினேன் என்று தெரியாது.
காலையில் தண்ணி குடித்தால் உதடு எரிந்தது.

ஆவணியில் காட்பாடியில் இறங்கினான்.
இடது காலில் ரெண்டு விரல் இல்லை.
"மேலயே வெச்சிட்டு வந்துட்டேன், காவலுக்கு."
சாயங்காலம் மோட்டார் கொட்டகையில்
கிறிக்கி அடித்துப் பார்த்தான். சாய்ந்தான்.
வலது காலில் எடையைப் போட்டு இன்னொரு தரம்.
இன்னொரு தரம்.

மூச்சு அடங்கியபின் கேட்டேன்:
கறுப்புக்குள்ள இன்னாதான்யா எழுதின?

"நீ இன்னா ஊதின?"

ஊதிக் காட்டினேன், பதினாறு அடியும்.
கண்ணை மூடிக் கேட்டான்.
தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"ரெண்டாவது அடி மட்டும் தப்பு" என்றான்,
சலங்கையை அவிழ்க்கக் குனிந்தான்.