முப்பத்தெட்டு பவுண்டு

தபால் அலுவலகக் கதவைச் சாத்திய பிறகு
பொட்டலத் தராசில் என் முதுகுப்பையை ஏற்றினேன்.
முப்பத்தெட்டு பவுண்டு.

குதிரைச் சேணம், கல்யாணக் கேக்,
ஒருமுறை செத்தவர் ஒருவரின் சாம்பல்,
இருபத்தாறு வருடமாக ஊரார் அனுப்பியதையெல்லாம்
நிறுத்துச் சொன்ன தராசு.
எனக்கென்று சலுகை எதுவும் காட்டவில்லை.

ஒரே ஓர் இரவுதான்.
ஏழு மைல் ஏற்றம், ஏரிக்கரையில் படுக்கை,
வந்த வழியே இறக்கம்.
தினமும் என் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிற
இந்த ஐடஹோ மலையில்
ஐம்பத்து மூன்று வயதுவரை
நான் கண்ணயர்ந்ததில்லை.

முதலில் இரண்டாவது ஸ்வெட்டர் போனது.
பிறகு மூன்றாவது டார்ச்
(பயத்துக்கு எத்தனை பேட்டரி என்று
எந்தக் கடையிலும் எழுதிப்போடவில்லை).
கரடி திறக்கமுடியாத டப்பாவைக் கழிக்க வழியில்லை.
பற்பசையும் அதற்குள்தான் போகவேண்டும்,
உதட்டுக் களிம்பும்கூட.
மணக்கிறதெல்லாம் கரடிக்குச் சோறு.
பல்துலக்கியின் கைப்பிடியை
ரொட்டிக் கத்தியால் அறுத்தேன்.
தராசின் சிவப்பு எண் இமைக்கவில்லை.
மனசுதான் அரை அவுன்ஸ் இறங்கியது.

செவ்வாய் இரவு கொல்லையில் ஒத்திகை.
கம்பிகளை மாற்றிச் செருகியதில்
கூடாரம் நொண்டிக் கோழியாய்ச் சாய்ந்தது.
தூங்கும் பைக்குள் நெளிந்து நுழைந்து
ஜிப்பில் முடி சிக்கி
கண்ணை மூடினால்
காது திறந்துகொண்டது.
புல் அசைந்தால் காலடி.
இலை விழுந்தால் காலடி.
அப்புறம், நிஜமாகவே, ஒரு மூச்சு.
பெரிய மூச்சு,
துணிக்கு அந்தப் பக்கம், என் முகத்துக்கு நேராக.
விசிலை வாயில் வைத்தேன்.
ஊத என்னிடம் காற்றில்லை.

"பெல்ட்சா, வா இங்கே"
என்றது வேலியோரம் ஒரு குரல்.

பெனாட் எச்செவெரி.
அவருடைய பிளம் மரத்தில்
என் பக்கம் நீண்ட கிளையை நான் வெட்டிய நாளிலிருந்து
இரண்டு கோடையாய்ப் பேச்சில்லை.
தபால்தலைக்குச் சில்லறையைச் சரியாக எண்ணி வைத்து
வாய் திறக்காமல் போகிறவர்.
டார்ச் வெளிச்சம் கூடாரத்தை ஒரு சுற்று சுற்றியது.
"கயிறு தளர்ந்திருக்கு."
அவ்வளவுதான்.
நாயும் அவரும் போய்விட்டார்கள்.
எழுந்து இழுத்துக் கட்டினேன்.
அதற்குப் பிறகும் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை, வனத்துறைப் படிவம்.
பெயர்: ஆர்டித் குன்னெல்.
கூடாரத்தின் நிறம்: மஞ்சள்.
காலணி அளவு: எட்டரை
(எதற்குக் கேட்கிறார்கள் என்று புரிந்தபோது
கால் விரல்கள் தாமாக மடங்கின).
திரும்பும் நேரம்: ஞாயிறு மாலை ஆறு.
திரும்பாவிட்டால் தெரிவிக்க வேண்டியவர்:

அங்கே பேனா நின்றுவிட்டது.
இந்த ஊரில் எனக்கு மனப்பாடம் இல்லாத
முகவரி கிடையாது.
மகள் ஃப்ளோரிடாவில்; புதன்கிழமைதான் கூப்பிடுவாள்.
டெல்மாவிடம் சொன்னால்
கிளம்புமுன்பே ஹெலிகாப்டர் வந்துவிடும்.
ஞாயிறு இருட்டிய பிறகும்
என் சமையலறை விளக்கு எரியாவிட்டால்
அது யார் கண்ணில் உறுத்தும்?
கிளையை வெட்டியதால்தான்
அவர் ஜன்னலிலிருந்து என் வீடு தெரிகிறது.

படிவத்தின் நகலை மடித்து
முழுக் கட்டணத்துக்குத் தலை ஒட்டி
முத்திரை குத்தி
நாற்பத்தொன்றாம் பெட்டியில் போட்டேன்.

சனி விடியலில் என் வாசல் கேட்டில்
ஒரு சுருள் கயிறு தொங்கியது.
இரண்டு முனையிலும் முடிச்சுகள் போட்டுத் தயாராய்.
கூடவே கடை ரசீதின் பின்பக்கம் பென்சிலில்:
"ஆறரை வரைக்கும் பொறுப்பேன்."

கயிறு நாலு அவுன்ஸ் இருக்கும், ஐந்தும் இருக்கலாம்.
தபால் அலுவலகச் சாவி பையில்தான் இருந்தது.
தராசுக்குப் போகவில்லை.