ஒரு டிக் சத்தம்

மெக்சிகாலியில் ஜூலை மாதம், பகல் பதினொரு மணி.
கார் கதவைத் தொடவே துணி வேண்டும்.
நெரேய்டா என் பழைய சட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு
பானெட்டைத் தூக்கி நிறுத்தினாள்.

ஏ.சி. பொத்தானில் பச்சை விளக்கு எரிகிறது.
காற்றும் வருகிறது, தாராளமாக,
ரொட்டி அடுப்பின் வாயிலிருந்து வருவதுபோல.
பேக்கரியில் வேலை பார்ப்பவன் நான்,
எனக்குத் தெரியும் அந்த மூச்சு.

"கேஸ் தீர்ந்திருக்கும்" என்றேன்.
எதிர்வீட்டு ருபெர்த்தோவும் வேலிக்கு மேலாக
அதையே சொன்னார்.
அவரிடம் விற்பதற்கு நாலு கேன் இருந்தது.

அவள் எங்கள் இருவருக்கும் பதில் சொல்லவில்லை.
லாண்டரியில் இரவல் வாங்கிவந்த மானியை
நீலக் குழாய் இங்கே, சிவப்புக் குழாய் அங்கே என்று மாட்டினாள்.
எஞ்சின் ஓடுகிறது,
முள் இரண்டும் ஒரே அளவில் நிற்கின்றன,
பேச்சு நின்றுபோன தம்பதி மாதிரி.
"கேஸ் இருக்கு. யாரும் அதைத் தள்ளல."

டார்ச் பிடிக்கச் சொன்னாள்.
கொளுத்தும் வெயிலில் டார்ச்!
சிரித்தேன். குனிந்து பார்த்தால்
எஞ்சினுக்கு அடியில் மட்டும் நடுராத்திரி.

பெல்ட் ஓடுகிறது. புல்லி சுற்றுகிறது.
அதன் முகத்தில் உள்ள வட்டத் தட்டு மட்டும்
அசையாமல் இருக்கிறது,
திருவிழாக் கூட்டத்தில் நடுவே நின்றுவிட்ட
ஒரு பிடிவாதக்காரனைப் போல.
"அது போய் ஒட்டிக்கணும். ஒட்டும்போது
டிக்னு ஒரு சத்தம் வரும்.
போன வாரத்திலிருந்து அந்தச் சத்தம் இல்ல,
நீ கவனிக்கல."
கவனிக்கவில்லைதான்.
பதினாறு வருடத்தில் நான் கவனிக்காத சத்தங்களின் கணக்கு
அவளிடம் இருக்கிறது.

ஃபியூஸைப் பிடுங்கிச் சூரியனுக்கு நேரே காட்டினாள்.
உள்ளே கம்பி அறுபடவில்லை.
பெட்டி மூடியின் உட்புறம் எறும்பெழுத்தில் ஒரு படம்.
மூக்குக்கண்ணாடியை வியர்வையில் நழுவவிட்டு
விரலால் வாசித்தாள்: இது விசிறி, இது விளக்கு,
இது ஏ.சி., பக்கத்தில் இருப்பது ஹாரன்.
இரண்டு ரிலேக்கும் ஒரே உடம்பு, ஒரே எண்,
ஒரே நாலு கால்.
இரண்டையும் பிடுங்கினாள்.
இடம் மாற்றிச் செருகினாள்.

டிக்.

எஞ்சின் ஒரு கணம் தாழ்ந்து
சுமையை வாங்கிக்கொண்டது.
அலுமினியக் குழாய்க்கு வியர்த்தது.
கொஞ்ச நேரத்தில் காருக்கடியில் ஒரு சொட்டு,
அது காய்வதற்குள் இன்னொன்று.
ருபெர்த்தோவின் நாய் வந்து முகர்ந்து
அங்கேயே படுத்துவிட்டது.
ருபெர்த்தோ வரவில்லை.

நான் ஹாரனை அழுத்திப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
"ரெண்டும் ஒண்ணா கிடையாது" என்றாள் கை கழுவிக்கொண்டே.
"இன்னிக்கு குளிர். சனிக்கிழமை சம்பளம், அப்புறம் குரல்."

ஒரு மணிக்கு எல்லைச் சாவடி வரிசையில் நின்றோம்.
அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி லாண்டரியில்
அவளுக்கு மூன்று மணி ஷிஃப்ட்.
முன்னால் முந்நூறு வண்டி, பின்னால் எத்தனையோ.
எங்கள் கண்ணாடிக்குள் மட்டும்
டிசம்பர் போல ஒன்று.
அவள் செருப்பைக் கழற்றிவிட்டாள்.
நான் துளையில் முகத்தை வைத்து
வெட்கமில்லாமல் கண் மூடினேன்.

அப்போதுதான் ஒரு வெள்ளை பிக்கப்
பக்கவாட்டிலிருந்து மூக்கை நுழைத்தது.
சுற்றிலும் எல்லா வண்டியும் அலறின.
நெரேய்டா உள்ளங்கையால் ஸ்டியரிங்கின் நடுவில் அடித்தாள்,
மறந்துபோய்.
மறுபடியும் அடித்தாள்.

பிறகு கண்ணாடியை முழுவதும் இறக்கினாள்.
சேர்த்துவைத்த குளிரெல்லாம் ஒரே மூச்சில் வெளியேற
வெயில் வந்து மடியில் உட்கார்ந்தது.
அவள் தலையை நீட்டி
அந்த ஆளின் தாயாரைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னாள்.
மூன்று வரிசை தள்ளி நின்ற சூயிங்கம் விற்பவன்
கை தட்டினான்.
பிக்கப் பின்வாங்கியது.

ரிலே விலை எண்பது பெசோ.
இரண்டு சனிக்கிழமை போய்விட்டது.
இன்னும் வாங்கவில்லை, அவளும் கேட்கவில்லை.