சாதாரண வேகத்தில் பார்

ஸ்கிர்மாந்தே,
பார்க்க ஏதாவது சொல் என்று கேட்டாய்.
கேட்டிருக்கக் கூடாது.
கிளைபேடா துறைமுகத்து மீன் கிடங்கில்
ராத்திரி வேலைக்காரர்களுக்கு ஒரு காதுதான் சொந்தம்.
மற்றது ஃபோர்க்லிஃப்டின் ஹாரனுக்கு.
அந்த ஒற்றைக் காதை நம்பி எழுதுகிறேன்,
எடை ரசீதின் பின்பக்கத்தில்.

முதலில் அந்தப் பெண்ணின் சேனல்.
முகம் காட்டமாட்டாள்.
எந்த ஆட்டத்திலும் ஜெயிக்கமாட்டாள்.
வாளை உறையில் போட்டுவிட்டு
ஒரு கதவுக்கு முன்னால் நிற்பாள், கால் மணி நேரம்.
உதைப்பதற்குப் பொத்தான் இருக்கிறது,
தட்டுவதற்கு ஏன் இல்லை என்பாள்.
அதைக் கேட்ட நாளிலிருந்து
எங்கள் கட்டடத்து லிஃப்ட் கதவை
நான் தோளால் இடிப்பதில்லை.

அடுத்தவன் கணக்குப்பிள்ளை மாதிரி.
போர் விளையாட்டுகளுக்குள் புகுந்து
ரொட்டியை எண்ணுகிறவன்.
அறுபத்திரண்டு ஆட்டம், நானூறு சமையலறை,
எல்லா மேசையிலும் ஆவி பறக்கும் ரொட்டி.
துப்பாக்கி சுட்டவன் பெயர் திரையில் ஓடுகிறது,
ரொட்டி சுட்டவன் பெயர் எங்கே என்கிறான்.
நடுவில் மெத்தை விற்பான்.
பொறுத்துக்கொள்,
வாடகை அவனுக்கும் உண்டு.

மூன்றாவது சேனலுக்கு
முப்பத்தொரு சந்தாதாரர்கள்.
மைக்கில் குளிர்சாதனப் பெட்டி உறுமும்.
தூண்டில் போடும் ஆட்டங்களை மட்டும் பேசுகிறான்.
இவ்வளவு மீன் பிடித்தும்
ஒருவன்கூடக் கை கழுவவில்லையே என்று
ஒன்றே முக்கால் மணி நேரம் ஆதங்கப்படுகிறான்.
நீயும் நானும் சிரிப்போம்.
நம் கோட்டுக்குத் தெரியும் அந்த வாடை.

முகப்பில் பிளந்த வாயும் சிவப்பு வட்டமும்
இருந்தால் தாண்டிப் போ.
இரட்டை வேகத்தில் ஓட்டாதே.
யோசித்து நிறுத்துகிற இடமெல்லாம்
பேச்சில் சேர்ந்ததுதான்.

கடைசியாக ஒன்று.
எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன்.
உன்னுடைய அந்தக் கலங்கரை விளக்கு ஆட்டத்தை
ஒருவன் இரண்டு மணி நேரம் உரித்துப் போட்டிருக்கிறான்.
அதில் இருப்பது துக்கம் இல்லை,
துக்கத்தின் சில்லறை விற்பனை என்கிறான்.
ஜிகிந்தாஸ் போன குளிர்காலம் முழுக்க
நீ அதைத்தான் விளையாடினாய் என்று தெரியும்.
தெரிந்தும் எழுதினேன்.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்,
அது போதும் என்று நினைத்த மடையன்.

*

பதினோரு இரவு நீ பேசவில்லை.
கறுப்பு ரொட்டியை வடக்கு வாசலில் நின்று தின்றாய்.
என் ஷிப்டுக்கு வேறு யாரோ கையெழுத்து வாங்கினார்கள்.
ரசீதை முன்பக்கமாகவே
கொடுத்திருக்கலாம் என்று பட்டது:
காட் மீன், நூற்றிருபது கிலோ, அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் இரவு உன் குரல் பதிவு வந்தது.
நாற்பத்தேழு நிமிடம்.
வணக்கம் இல்லை, எடுத்தவுடன் "முதல் தவறு" என்றாய்.
பின்னால் காற்று. ஒரு கப்பலின் ஹாரன்.
நடுவில் லாரிக்காரனைத் திட்டிவிட்டு
விட்ட வாக்கியத்தின் நடுவிலிருந்தே தொடர்ந்தாய்:

அந்த விளக்கை ஏற்றாமலும் விடலாம்,
ஆட்டம் ஒன்றும் சொல்லாது.
உன் ஆள் அதைப் பார்க்கவே இல்லை.
முதல் இரவே ஏற்றிவிட்டு
அழுகை வரவில்லை என்கிறான்.
நான் ஏற்றவில்லை, வைடோதாஸ்.
தொண்ணூற்று மூன்று இரவு.
கப்பல்கள் வந்தன, நின்றன, திரும்பின.
ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை.
எனக்கு வேண்டியிருந்தது
அந்தக் கேட்காமைதான்.

ஸ்மில்டினே போகும் படகில் கேட்டேன்.
அக்கரையில் இறங்கவில்லை.
திரும்பி வந்தேன், இக்கரையிலும் இறங்கவில்லை.
டிக்கெட்காரர் இரண்டு முறை பார்த்தார்,
மூன்றாம் முறை பார்க்கவில்லை.
சாதாரண வேகத்தில்தான் கேட்டேன்,
நீ மூக்கைச் சிந்திய இடம் உட்பட.

இதை ஒரு சேனலில் போடு என்று
சொல்லமாட்டேன்.
முப்பத்திரண்டாவது ஆள் எதற்கு.

ஆனால் உன் மூன்றாவது வாதம் தப்பு.
இசையைப் பற்றிச் சொன்னாயே, அது.
நாளை இடைவேளையில்
வடக்கு வாசலுக்கே வருகிறேன்.
காபி உன் செலவு.