ஏழாம் மேசை

பேயைப் பார்க்குமுன் குழாயைப் பார்.
இருபத்திரண்டு வருஷம் குளிர்பெட்டி பழுதுபார்த்தவன் நான்,
வேறு வேதம் தெரியாது.
அதற்காகத்தான் இஸ்மேனியா என்னைக் கூட்டிப் போகிறாள்.
இருட்டிடம் அவள் மரியாதையாகக் கேள்வி கேட்பாள்,
நான் சுவரைத் தட்டிப் பார்ப்பேன்.

வால்பரைசோ. துறைமுகத்துக்கு மேலே மூன்றாவது வளைவு.
மாலுமிகளுக்குக் கயிறும் தாரும் விற்ற கட்டடம்,
பிறகு வட்டிக்கடை,
ஒரு நிலநடுக்கத்தில் நெற்றி பிளந்து
தையல் போட்டுக்கொண்டு எழுந்து
இப்போது மீன் சூப்புக்குப் பேர்போன உணவகம்.

முதலாளி பால்தொமேரோ புகார்களை
மெனு அட்டையின் பின்புறம் எழுதி வைத்திருந்தார்.
மாடிப்படியின் நடுவில் ஒரு குளிர்.
பதினொன்றரைக்கு யாரும் தொடாமல் அடிக்கும் மணி.
பூட்டிய சமையலறையில் வெங்காயம் வதங்கும் வாசனை.
ஏழாம் மேசை நாற்காலி,
விடிந்து பார்த்தால் ஒரு முழம் பின்னால்.
"கண்டுபிடியுங்கள்" என்றார்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"ரொம்பவும் கண்டுபிடித்துவிடாதீர்கள்.
சனிக்கிழமைக் கூட்டம் அதை நம்பித்தான் வருகிறது."

ஊழியர்களை முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டு
விளக்கை அணைத்தோம்.

குளிருக்குக் காரணம் படிக்குப் பின்னால் இருந்தது:
மாடிக்குத் தட்டு ஏற்றிய பழைய தூக்கி,
செங்கல் வைத்து அடைத்தது, ஒரு கல் மட்டும் இல்லை.
அந்தப் பொந்து வழியாகக் கடல் மூச்சுவிட்டது.
உதட்டை நக்கினேன். உப்பு.

மணி: மலையின் கடைசி விஞ்ச் இறங்கும்போது
சுவர்கள் லேசாகப் பல்லைக் கடிக்கின்றன, அவ்வளவுதான்.

வெங்காயம்: பின் சந்தில் எம்பனாதா சுடும் ஒருத்தி
இரவு ஒன்றரைக்கு அடுப்பு மூட்டுகிறாள்.
நேரில் போய் விசாரித்தேன்.
இரண்டு வாங்கித் தின்றேன், விசாரணையின் பகுதியாக.

"உங்கள் பெயர் என்ன?
யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?"
இஸ்மேனியா கேட்டுக்கொண்டே இருந்தாள்.
பதிவுக் கருவியில் விழுந்தது
என் வயிறு உறுமியது மட்டும்.

மிச்சம் நாற்காலி.
தரையில் மாவு தூவி மூன்று இரவு காத்தேன்.
ஒரு சுவடும் இல்லை. நாற்காலி அசையவில்லை.
பால்தொமேரோவின் முகம் தொங்கிப்போயிற்று.

நான்காம் நாள் கடையை மூடியவள் க்ளோரிந்தா.
"எந்தப் புண்ணியவான் மாவைக் கொட்டினான்?" என்று
வைதுகொண்டே பெருக்கினாள்,
துடைப்பத்தைச் சாத்தினாள்,
போகிற போக்கில், சட்டைப் பொத்தான் போடுகிற கையால்,
ஏழாம் நாற்காலியைப் பின்னால் இழுத்தாள்.

"ஏன் இழுத்தாய்?"
"எதை?"

தன் கையையே பார்த்தாள் கொஞ்ச நேரம்.
"எனக்கு முன் இருந்த எவாரிஸ்தோ இழுப்பார்.
காஸை மூடு, கதவைப் பூட்டு, நாற்காலியை இழு.
மூன்றும் ஒரே மூச்சில்."

எவாரிஸ்தோவைத் தொலைபேசியில் பிடித்தோம். இரைச்சல்.
அவருக்கு முன்னே ஒருத்தி செய்வாளாம்.
யார் உட்கார என்று கேட்டீர்களா?
"சூப்பு ஆறிப்போகிற நேரத்தில்
அதையெல்லாம் யாரய்யா கேட்பது?"
அந்த ஒருத்தியைத் தேடிச் சம்பளப் பேரேட்டைத் திறந்தால்
பெயரில் பாதியை
இராமபாணப்பூச்சி தின்றிருந்தது.

அறிக்கையில் மூன்றுக்குக் காரணம் எழுதினேன்.
நாலாவதற்கு எதிரே: ஊழியர் பழக்கம்.
"பழக்கம் என்றால் என்னவென்றும் எழுது" என்றாள் இஸ்மேனியா.
படிவத்தில் அதற்கு இடமில்லை.

பால்தொமேரோ இரண்டு முறை படித்தார்.
அந்தச் செங்கல் பொந்தை மட்டும்
அடைக்காமல் விட முடியுமா என்று கேட்டார்.
விட்டோம். கூலியோடு இரண்டு கிண்ணம் சூப்பும் கொடுத்து
ஆறாம் மேசையில் உட்காரவைத்தார்.

கூட்டம் நெரிந்தது.
குழந்தையோடு வந்த ஒரு வெளியூர்க்காரர்
பக்கத்து மேசை நாற்காலியில் கை வைத்தார்.
கை நிறையத் தட்டுகளோடு கடந்துபோன க்ளோரிந்தா
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
"அங்கே ஆள் வருது."

என் கருவிப்பெட்டி வழியில் கிடந்தது.
காலால் நகர்த்தி
மேசைக்கடியில் ஒதுக்கினேன்.